லேவியராகமத்துல வந்து நின்னு போச்சு, இனி என்ன பண்றது? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல, தினமும் பைபிள் வாசிக்கிறதைப் பத்தி கேள்வி இருந்தா எழுதுங்கன்னு கேட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் படிச்சு முடிக்கவே நாலு நாள் ஆச்சு. நிறைய பேர் பெயர் போட வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க, அதனால யார் பெயரும் போடல. நான் போதகரும் இல்ல, வேத பண்டிதரும் இல்ல. தினமும் வாசிக்கிறவ, நடுவுல விட்டுட்டு திரும்ப வந்தவ, அந்த இடத்துல இருந்துதான் பதில் சொல்றேன்.

கேள்வி: அக்கா, வருஷா வருஷம் ஜனவரி 1ம் தேதி ஆதியாகமம் முதல் அதிகாரத்துல ஆரம்பிக்கிறேன். ஆதியாகமம் கதை மாதிரி நல்லா போகுது, யாத்திராகமம் பாதி வரைக்கும் பரவாயில்ல, மூணாவது புத்தகம் லேவியராகமம் வந்ததும் நின்னு போயிடுது. இது அஞ்சாவது வருஷம். இப்போ பைபிளைத் தொடவே குற்ற உணர்ச்சியா இருக்கு. நான் என்ன தப்பு பண்றேன்?

பதில்: முதல்ல கணக்கைப் பார்ப்போம்மா, உங்க மேல தப்பு எவ்வளவு, கணக்கு மேல தப்பு எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். பைபிள்ல மொத்தம் 1189 அதிகாரம், பழைய ஏற்பாடு 929, புதிய ஏற்பாடு 260. ஒரே வருஷத்துல முடிக்கணும்னா வார நாள்ல மூணு அதிகாரம், ஞாயித்துக்கிழமை அஞ்சுன்னு போகணும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக ஜனவரி கடைசியில லேவியராகமத்துக்குள்ள நுழையுறீங்க, புது வருஷ உற்சாகம் வடியிறதும் அதே நேரத்துலதான். பலியும் கொழுப்பும் குஷ்டரோக சட்டமும் மூணு மூணு அதிகாரமா வரிசையா வரும்போது எத்தனையோ பேர் அங்கேதான் நிக்கிறாங்க, நீங்க மட்டும் இல்ல.

ஸ்காட்லாந்துல ராபர்ட் மர்ரே மெக்செய்ன்னு ஒரு இளம் போதகர் இருந்தார். 1842ல தன்னோட சபைக்காக ஒரு வாசிப்பு அட்டவணை போட்டுக் கொடுத்தார், வருஷத்துல பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதப் புத்தகமும் ரெண்டு தடவை வர்ற மாதிரி, இன்னிக்கும் எத்தனையோ பேர் அதையே ஃபாலோ பண்றாங்க. எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது என்னன்னா, அந்த அட்டவணையைக் கொடுக்கும்போதே இதுல என்னென்ன ஆபத்து இருக்குன்னும் சேர்த்து எழுதிட்டார்: இது வெறும் சடங்கா மாறிடலாம், இன்னிக்கான பங்கை முடிச்சாச்சுன்னு மனசு திருப்தி ஆகிடலாம், சிலருக்கு தூக்க முடியாத சுமையா ஆகிடலாம்னு. அடுத்த வருஷமே 29 வயசுல அவர் இறந்துட்டார். அட்டவணை போட்டவரே அப்படிச் சொல்லியிருக்கும்போது நீங்க ஏன் அதைப் பிடிச்சுக்கிட்டு இப்படி வேதனைப்படணும்?

வேற வழி சொல்றேன். புதிய ஏற்பாடு 260 அதிகாரம்னு சொன்னேன் இல்லையா, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் நாளைக்கு ஒண்ணுன்னு வாசிச்சா 52 வாரத்துல சரியா முடியும், சனி ஞாயிறு விட்டுப்போனதைப் பிடிக்கலாம். இல்ல, முழு பைபிளும் வேணும்னா ஒரு நாளைக்கு ஒரே ஒரு அதிகாரம், மூணேகால் வருஷம் ஆகும், ஆகட்டுமே.

ஆனா லேவியராகமத்தை அப்படியே தாண்டிப் போயிடாதீங்க, இதை மட்டும் கெஞ்சிக் கேக்குறேன். 12ம் அதிகாரம் கடைசி வசனத்துல, பிள்ளை பெத்த தாய் ஒரு ஆட்டுக்குட்டி கொண்டு வரணும், அதுக்கு வசதி இல்லேன்னா ரெண்டு புறா போதும்னு இருக்கும். வாசிக்கும்போது சும்மா சட்டம் மாதிரிதான் இருக்கும். அப்புறம் லூக்கா 2:24க்கு வாங்க, மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவோட தேவாலயத்துக்கு வர்றாங்க, அங்க பேசப்படுற பலி ஆட்டுக்குட்டி இல்ல, புறா. லூக்கா அந்தக் குடும்பம் ஏழைன்னு ஒரு வார்த்தை சொல்லல. லேவியராகமம் வாசிச்சவங்களுக்கு மட்டும் அது தெரியும். முதல் தடவை அது புரிஞ்ச அன்னிக்கு நான் பைபிளை மூடி வெச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

இன்னொண்ணு 19ம் அதிகாரம். எங்க அம்மா படுக்கையில இருந்தப்போ பார்த்துக்க ஒரு பெண் வருவாங்க, அன்னன்னிக்கு சம்பளம். அவங்க கிளம்பும்போது நான் ஏதாவது வேலையில இருப்பேன், "நாளைக்கு சேர்த்து வாங்கிக்கம்மா"ன்னு சொல்லிடுவேன், எனக்கு அது பெரிய விஷயமாவே தெரியல. அவங்களும் சரிம்மான்னுதான் சொல்வாங்க, செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல ஒரு நிமிஷம் நிப்பாங்க, அப்புறம் போயிடுவாங்க. ஒரு நாள் காலையில வாசிக்கிறேன், 13ம் வசனம், "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." அவங்க வாசல்ல நின்ன அந்த ஒரு நிமிஷம் எதுக்குன்னு அப்போதான் எனக்கு உறைச்சது. அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து அவங்க கையைக் கழுவி முந்தானையில துடைக்கிறதுக்குள்ள பணத்தை எடுத்து வெச்சிடுவேன். யாருக்கும் பிடிக்காத லேவியராகமம்தான் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது.

கேள்வி: அக்கா, என் ஃபோன்ல தினமும் காலையில ஒரு வசனம் நோட்டிஃபிகேஷனா வரும். வேலை போன அன்னிக்கு வந்தது எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்னு. அதை அப்படியே நம்பி எட்டு மாசம் ஆச்சு, இன்னும் வேலை கிடைக்கல. இப்போ அந்த வசனத்தைப் பார்த்தாலே கோபம் வருது. நம்பினது என் தப்பா?

பதில்: தம்பி, நம்பினது தப்பே இல்ல. உங்ககிட்ட அந்த வசனம் தனியா வந்துது, அதோட வீட்டை விட்டு பிச்சு எடுத்து அனுப்புன மாதிரி, அதான் சிக்கல். 29ம் அதிகாரம் ஒரு கடிதம். எருசலேம்ல இருந்து எரேமியா எழுதி, பாபிலோனுக்கு சிறையாப் போனவங்களுக்கு அனுப்புறார். வீடு போச்சு, நாடு போச்சு, எப்போ திரும்புவோம்னு காத்துக்கிட்டு இருக்கிற ஜனங்க. அவங்ககிட்ட 11ம் வசனத்தைச் சொல்றதுக்கு முன்னாடி 10ம் வசனத்துல ஒரு கணக்கு சொல்றார், 70 வருஷம். அதாவது அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவங்கள்ல பாதிப்பேருக்கு மேல திரும்பிப் போற நாளைக் கண்ணால பார்த்திருக்க மாட்டாங்க.

அதுக்கு முந்தின அதிகாரத்தையும் வாசிங்க, 28. அங்க அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி, ஜனங்க எல்லாருக்கும் முன்னாடி நின்னு ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்பி வந்துடும்னு கர்த்தர் பேரால சொல்றான். ஜனங்களுக்கு எது பிடிச்சிருக்கும்னு யோசிங்க, ரெண்டா எழுபதா? ரெண்டு வருஷம்னு சொன்னது பொய். அந்தப் பொய்க்குப் பக்கத்துலதான் 29:11 இருக்கு, சீக்கிரம் சரியாயிடும்னு அது சொல்லவே இல்ல. அப்போ என்ன செய்யணும்னு கேட்டா அதுக்கும் 5ல இருந்து 7ம் வசனம் வரைக்கும் பதில் இருக்கு, வீடு கட்டி குடியிருங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்க, நீங்க இருக்கிற அந்த ஊருக்காக ஜெபம் பண்ணுங்கன்னு. நீங்க வர வேண்டாம்னு நினைச்ச ஊருக்காக! எனக்கு 11ம் வசனத்தை விட அதுதான் இப்போ பெரிய ஆறுதலா இருக்கு, ஏன்னா அது செய்யக்கூடிய விஷயம். எட்டு மாசமா வேலை தேடுற ஒருத்தருக்கு அந்தத் தோட்டம் என்னவா இருக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும், ஒரு புது வேலையைக் கத்துக்கிறதா இருக்கலாம், இத்தனை நாள் கௌரவம் பார்த்து கேக்காம விட்ட ஒரு உதவியா இருக்கலாம்.

ஒரு நாளைக்கு ஒரு வசனம்ங்கிற வழக்கமே தப்புன்னு நான் சொல்லல. ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்ல மொரேவியன் சபைக்காரங்க 1728ல இருந்தே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம்னு வெச்சு, வீடு வீடாப் போய்ச் சொல்லுவாங்க, 1731ல இருந்து அதைப் புத்தகமாவே போடுறாங்க, இன்னும் நிக்கல. ஆனா வீட்டுக்கு வந்து வசனம் சொன்னவர் எப்படி இருக்கீங்கன்னும் கேட்டிருப்பார் இல்லையா, ஃபோன் அதைக் கேக்காது. அதனால நோட்டிஃபிகேஷன் வந்தா அதுல நிக்காதீங்க, தொட்டு உள்ள போய் அந்த அதிகாரம் முழுசையும் வாசிங்க. எரேமியா எழுதின கடிதத்துல 11னு நம்பரே கிடையாது. அதிகாரம் பிரிச்சது 13ம் நூற்றாண்டுல, ஸ்டீபன் லாங்டன்னு ஒரு பேராயர் பண்ணினதுன்னு சொல்வாங்க, புதிய ஏற்பாட்டுல இப்போ இருக்கிற வசன நம்பர் 1551ல ராபர்ட் எஸ்டியென்ங்கிற அச்சுக்காரர் போட்டது. தேடி எடுக்கிறதுக்கு வசதியா இருக்கட்டும்னு போட்ட நம்பர் அது.

உங்க கோபத்தையும் மறைக்காம ஜெபத்துல சொல்லுங்க தம்பி. எரேமியாவே 20ம் அதிகாரத்துல கர்த்தர்கிட்ட சண்டை போட்டிருக்கார்.

கேள்வி: வேலைக்குப் போகும்போது ஹெட்ஃபோன்ல ஆடியோ பைபிள் கேக்குறேன். இது வாசிப்புல சேருமா, இல்ல உக்காந்து புத்தகத்தைத் திறந்தாதான் கணக்கா?

பதில்: தாராளமா சேரும். அச்சு வர்றதுக்கு முன்னாடி பெரும்பாலான ஜனங்க கேட்டுத்தானே தெரிஞ்சுக்கிட்டாங்க. நெகேமியா 8ல எஸ்றா காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் வாசிக்கிறார், ஜனங்க நின்னுக்கிட்டே கேக்குறாங்க. வெளிப்படுத்தல் 1:3ல வாசிக்கிறவனுக்கும் கேக்குறவங்களுக்கும் சேர்த்துத்தான் பாக்கியவான்கள்னு இருக்கு. ஒரே ஒரு விஷயம், நடுவுல மனசு எங்கேயோ போயிட்டா வெட்கப்படாம பின்னாடி போட்டு திரும்பக் கேளுங்க.

கேள்வி: அக்கா, எனக்கு ஆறு மாசக் குழந்தை. ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கேன். முன்னெல்லாம் காலை அஞ்சு மணிக்கு ஒரு மணி நேரம் வாசிச்சு ஜெபம் பண்ணுவேன், இப்போ பைபிளைத் திறந்தா ரெண்டு வரியில தூங்கிடுறேன். கர்த்தரை விட்டு தூரமாப் போயிட்டேனோன்னு பயமா இருக்கு.

பதில்: தூங்கும்மா. முதல்ல நல்லா தூங்கு.

1 இராஜாக்கள் 19ம் அதிகாரத்துல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ வந்து விழுறார். போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கோங்கன்னு கேக்குறார். அதுக்கு முந்தின அதிகாரத்துலதான் வானத்துல இருந்து அக்கினி வரவழைச்ச அதே மனுஷன். வந்த தேவதூதன் என்ன பண்ணினார்? ஏன் ஜெபம் பண்ணலன்னு கேக்கல, விசுவாசம் எங்க போச்சுன்னு கேக்கல. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு"ன்னார். தழல்ல சுட்ட அடை, ஒரு பாத்திரத்துல தண்ணி. சாப்பிட்டு எலியா திரும்பவும் படுத்துட்டார், அதுக்கும் திட்டு இல்ல. ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பிட வெச்சு, நீ போக வேண்டிய தூரம் அதிகம்னு சொல்றார். மெல்லிய சத்தமா கர்த்தர் பேசுறதெல்லாம் அதுக்கப்புறம்தான், 40 நாள் கழிச்சு ஓரேப் மலையில.

உனக்கு இப்போ அடையும் தண்ணியும் வேணும். குழந்தைக்குப் பால் கொடுக்கிற நேரத்துல ஒரு சங்கீதம் போதும், அதுவும் சின்னதா எடுத்துக்கோ, 117ம் சங்கீதம் ரெண்டே வசனம்தான், 131 மூணு வசனம். அந்த 131ல தாய்ப்பால் மறந்த குழந்தையை வெச்சுத்தான் தன் ஆத்துமா அடங்கி இருக்கிறதைச் சொல்றாங்க, மடியில குழந்தையை வெச்சுக்கிட்டு இருக்கிற உனக்கு அது நல்லாவே புரியும். வீட்டுல வேற யாராவது இருந்தா அவங்ககிட்ட ராத்திரியில ஒரு தடவையாவது குழந்தையைப் பார்த்துக்கச் சொல்லு, இதைக் கேக்குறது விசுவாசக் குறைவு இல்ல. தூங்கினாலும் மனசு தேறாம அழுகையாவே வந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் போகணும்.

கேள்வி: 13 வயசுப் பையன் பைபிள் வாசிக்க மாட்டேங்கிறான், கேட்டா அந்தத் தமிழ் புரியலங்கிறான். அடம் பிடிக்கிறானா, நிஜமாவே புரியலையா?

பதில்: நிஜமாவே புரியாதுங்க. நம்ம காதுல சின்ன வயசுல இருந்து விழுந்ததால நமக்குப் புரிஞ்ச மாதிரி இருக்கு, அவ்வளவுதான். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." இந்தத் தாழ்ச்சியை நான் ரொம்ப வருஷம் அவமானம்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன், யார் முன்னாடியும் தாழ்ந்து போக மாட்டேன்னு. அங்க அதுக்கு அர்த்தம் குறைவுபட மாட்டேன், எனக்கு எதுவும் இல்லாமப் போகாதுங்கிறது. ஆக்கினைத்தீர்ப்புன்னா தண்டனைத் தீர்ப்பு. சுமுத்திரையான தராசுன்னா சரியான, ஏமாத்தாத தராசு. நீடிய சாந்தம்னா ரொம்ப நாள் தாங்குற பொறுமை. இதெல்லாம் பையனுக்கு எப்படித் தெரியும்?

எளிய தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கு, அதை அவன் கையில கொடுங்க, மாற்கு சுவிசேஷத்துல ஆரம்பிக்கட்டும், 16 அதிகாரம்தான், அதுல இயேசு நின்னு பேசுறதை விட நடந்துக்கிட்டே இருப்பார், பசங்களுக்குப் பிடிக்கும். அப்புறம் வாரத்துல ஒரு நாள் பழைய மொழிபெயர்ப்பை நீங்க சத்தமா வாசிங்க, அவன் தன்னோடதுல பார்த்து அர்த்தம் சொல்லட்டும். புரியலன்னு சொன்னதுக்குத் திட்டாதீங்க. அப்போஸ்தலர் 8ல எத்தியோப்பிய மந்திரி ரதத்துல உக்காந்து ஏசாயாவை வாசிக்கிறார், வாசிக்கிறது புரியுதான்னு பிலிப்பு கேட்டதும், ஒருத்தர் சொல்லித் தராம எனக்கு எப்படிப் புரியும்னு திருப்பிக் கேட்டார். அதுக்கப்புறம் பிலிப்பு ஏறி பக்கத்துலதான் உக்காந்தார்.

கேள்வி: என் வீட்டுக்காரர் தினமும் காலையில ஒரு மணி நேரம் பைபிள் வாசிப்பார். சபையில நல்ல பேர். ஆனா பைபிளை மூடின அஞ்சு நிமிஷத்துல என்னைக் கத்த ஆரம்பிச்சுடுவார், பிள்ளைங்க முன்னாடி, சின்னச் சின்ன விஷயத்துக்கு. நான் ஏதாவது சொன்னா கீழ்ப்படியணும்னு வசனம் சொல்றார். எனக்கு இப்போ பைபிள் சத்தமே பிடிக்கல.

பதில்: உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். பைபிள் சத்தமே பிடிக்கலன்னு எழுதும்போது உங்க மனசு எவ்வளவு வலிச்சிருக்கும்னு தெரியுது. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல.

அவர் சொல்ற அந்த வசனத்துக்குக் கீழேயே அவருக்கான வசனமும் இருக்கு. கொலோசெயர் 3:18ஐ மனைவிகளுக்கு வாசிக்கிறவர் 19ஐயும் வாசிக்கணும், புருஷர்கள் மனைவிமேல் அன்புகூரணும், "கசந்துகொள்ளாதிருங்கள்"னு இருக்கு. 1 பேதுரு 3:7 இன்னும் கடுமை. மனைவிக்குச் செய்ய வேண்டிய கனத்தைச் செய்யுங்கன்னு சொல்லிட்டு, "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு"ன்னு காரணமும் சொல்லியிருக்கு. அப்போ சமையல்கட்டுல கத்தினது காலையில பண்ணின ஒரு மணி நேர ஜெபத்தைத் தடுத்து நிறுத்தும்னு பேதுருவே எழுதி வெச்சிருக்கார். யாக்கோபு வேற, வசனத்தைக் கேட்டு அதன்படி செய்யாதவன் கண்ணாடியில முகத்தைப் பார்த்துட்டு அந்தப் பக்கம் போனதும் தன் முகம் எப்படி இருந்துச்சுன்னே மறந்துபோறவன்னு சொல்றார்.

இதை நீங்க அவர்கிட்ட சண்டை நேரத்துல எடுத்துக் காட்ட வேண்டாம், அது எடுபடாது. அவர் மதிக்கிற ஒரு மூத்தவர் சபையில இருந்தா, நம்பிக்கையான ஆளா இருந்தா, அவர்கிட்ட நடக்கிறதை உள்ளபடி சொல்லுங்க. அந்த மூத்தவர் பொறுத்துக்கம்மான்னு மட்டும் சொல்லி அனுப்பினா வேற ஆளைத் தேடுங்க. கை ஓங்குறார், பொருளைத் தூக்கிப் போடுறார்னா அப்புறம் அது வசனம் பேசித் தீர்க்கிற விஷயமே இல்ல, நீங்களும் பிள்ளைங்களும் பத்திரமா இருக்கிற இடத்துக்கு முதல்ல போகணும், சட்ட உதவி கேக்குறதுல எந்தப் பாவமும் இல்ல. தாவீது சவுல் ராஜாவுக்கு மரியாதை கொடுத்தார், ஆனா ஈட்டி வந்தப்போ விலகி ஓடினார்.

உங்களுக்கு வாசிக்கணும்னு தோணும்போது அவர் குரல் ஒட்டாத ஒரு பகுதியா எடுத்துக்கோங்க. ஆதியாகமம் 16ல ஆகார், எஜமானி கொடுமை தாங்க முடியாம வனாந்தரத்துக்கு ஓடினவ. பைபிள்ல கர்த்தருக்கு ஒரு பேர் வெச்சுக் கூப்பிட்ட பெண் அவதான், என்னைக் காண்கிற தேவன்னு.

கேள்வி: நாலு மாசத்துக்கு முன்னாடி என் கணவர் இறந்துட்டார். எல்லாரும் வாக்குத்தத்த வசனமா அனுப்புறாங்க. சந்தோஷமா இரு, நன்றி சொல்லுன்னு. என்னால எதையுமே வாசிக்க முடியல சகோதரி.

பதில்: அம்மா, அந்த வசனம் எல்லாத்தையும் இப்போதைக்கு ஓரமா வெச்சிடுங்க. அனுப்பினவங்க அன்பாத்தான் அனுப்பியிருப்பாங்க, அவங்களுக்கு வேற எப்படிப் பேசுறதுன்னு தெரியல.

எங்க அம்மாவுக்குக் கடைசியில கண் தெரியாமப் போச்சு, நான்தான் பக்கத்துல உக்காந்து வாசிப்பேன். சங்கீதம் வரிசையா போய்க்கிட்டு இருந்தோம். அம்மாவுக்குப் பாதி மனப்பாடம், நான் வசனத்தை ஆரம்பிச்சா அவங்க உதடு முடிவை எனக்கு முன்னாடியே சொல்லிடும். 88ம் சங்கீதம் வந்துச்சு. எனக்கு உள்ளூர தாண்டிப் போயிடலாம்னு இருந்தது, ஏன்னா அது ரொம்ப இருட்டு. மத்த புலம்பல் சங்கீதம்லாம் பெரும்பாலும் கடைசியில கொஞ்சம் ஏறும், 13ம் சங்கீதம் எதுவரைக்கும் எதுவரைக்கும்னு நாலு தடவை கேட்டாலும் பாட்டுல முடியும். 88 அப்படி முடியாது. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்"னு சொல்லி அப்படியே நிக்கும், எபிரெயத்துல அதோட கடைசி வார்த்தை இருள்ங்கிறதுதான். நான் தயங்கித் தயங்கி வாசிச்சு முடிச்சேன். அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம் "மறுபடி வாசி"ன்னாங்க. ரெண்டாவது தடவை வாசிக்கும்போது என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க, அவங்க விரல் அப்போ குச்சி மாதிரி இருக்கும், நான் முடிச்சும் விடல. அடுத்த நாளும் அதையே கேட்டாங்க. ஒரு வாரம் நாங்க 89க்குப் போகவே இல்ல.

அம்மாவுக்கு அது ஏன் வேணும்னு நான் கேக்கல. இப்போ எனக்குப் புரியுற மாதிரி சொல்றேன், அவங்க மனசுல இருந்ததைச் சொல்ல அவங்களுக்கு வார்த்தை இல்ல, அந்த வார்த்தை பைபிளுக்குள்ளேயே இருந்துச்சு, அதுவும் கர்த்தரைப் பார்த்தே சொன்னதா இருந்துச்சு. அந்த 18 வசனத்துல விடிவு வரல, ஆனாலும் அதை எழுதினவர் கூப்பிடுறதை நிறுத்தல. நீங்க வாசிக்க முடியலன்னா யாரையாவது பக்கத்துல உக்காந்து இந்த ஒரு சங்கீதத்தை வாசிக்கச் சொல்லுங்க. அழுகை வந்தா வரட்டும். நன்றி சொல்ற நாள் வரும்போது வரட்டும், அதுக்காக நீங்க அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: அக்கா, காலையில வாசிச்சது மத்தியானத்துக்குள்ள மறந்து போயிடுது. சாயங்காலம் யாராவது இன்னிக்கு என்ன வாசிச்சேன்னு கேட்டா சுத்தமா ஞாபகம் இல்ல. அப்புறம் எதுக்கு வாசிக்கிறதுன்னு தோணுது.

பதில்: எனக்கும் நிறைய நாள் அப்படித்தான். இதுக்கு நான் பண்றது ஒண்ணுதான், அளவைக் குறைச்சு, ஒரு வரியை மட்டும் கையால எழுதுறேன். ஃபோன்ல இல்ல, ஒரு சின்ன நோட்டுல, பேனாவால. அந்த வரிக்குக் கீழ இன்னிக்கு நான் பார்க்கப் போற ஒரு ஆள், இல்ல செய்யப் போற ஒரு வேலை, அந்தப் பேரை எழுதுவேன். சில நாள் ரெண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது, அப்படியே விட்டுடுவேன், வலிஞ்சு சம்பந்தப்படுத்த மாட்டேன். சில நாள் எழுதும்போதே கை நிக்கும்.

அப்படி நின்ன ஒரு நாளைச் சொல்றேன். அம்மாவைப் பார்த்துக்கிற விஷயத்துல எனக்கும் என் தங்கச்சிக்கும் பேச்சு முத்திப் போய், அம்மா போனதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நாங்க பேசல. நான் தினமும் வாசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், மத்தேயு 5 எத்தனை தடவை கடந்திருப்பேன். பலிபீடத்துக்கிட்ட காணிக்கையை வெச்சுட்டுப் போய் சகோதரனோட ஒப்புரவாகுன்னு இருக்கும், எனக்கும் அவ மேல நியாயமான குறை இருக்கு, அவ வந்து கேட்டா மன்னிச்சிடலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அன்னிக்கு அந்த 23ம் வசனத்தை நோட்டுல எழுதினேன், ஒவ்வொரு எழுத்தா எழுதும்போதுதான் பார்த்தேன், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" இருக்கு. அவ மேல எனக்கு இருக்கிற குறையைப் பத்தி அந்த வசனம் பேசவே இல்ல, என் மேல அவளுக்கு இருக்கிற குறையைப் பத்திப் பேசுது. அவளுக்கு என் மேல என்ன குறைன்னு ரெண்டு வருஷத்துல நான் ஒரு தடவைகூட யோசிச்சதில்ல. கீழ அவ பேரை எழுதினேன்.

மத்தியானம் வரைக்கும் ஃபோனைக் கையில எடுக்கிறதும் வைக்கிறதுமா இருந்தேன். அப்புறம் பண்ணினேன். நாலாவது ரிங்ல எடுத்தா. "என் மேல உனக்கு என்ன வருத்தம்னு சொல்லு, நான் குறுக்க பேச மாட்டேன்"னு சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல, கட் ஆயிடுச்சோன்னு பார்த்தேன். அப்புறம், "அம்மா என்னைக் கேட்டாங்களான்னு நீ ஒரு நாளும் எனக்குச் சொல்லவே இல்ல அக்கா"ன்னா.

கேட்டிருந்தாங்க. எத்தனையோ தடவை கேட்டிருந்தாங்க. அன்னிக்குத்தான் அதை அவளுக்குச் சொன்னேன்.